அழுகை ஆய்வு

பல்செட்டக்காவுக்குக் காது கேட்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் துறையும் இதைத்தான் முதலில் எழுதிக்கொண்டது, கடைசிவரை இதைத்தான் திருப்பித் திருப்பி எழுதிக்கொண்டிருந்தது. ஒன்பது வயதில் வந்த காய்ச்சல் போகிறபோது சும்மா போகாமல் இரண்டு காதையும் கையோடு கொண்டுபோய்விட்டது. கருவி மாட்டினாலும் அது தோடு மாதிரி தொங்கத்தான் செய்யும், உள்ளே நரம்பே செத்துவிட்டது என்று மருத்துவர் கைவிரித்துவிட்டார். ஆனால் பேச்சு போகவில்லை. எதிரில் இருப்பவரின் உதட்டைப் பார்த்தே சொல்வதைப் பிடித்துவிடுவாள். பதிலைத் தன் குரலிலேயே சொல்வாள். ஏற்ற இறக்கம் இல்லாமல், கொஞ்சம் தடித்து வரும் குரல்.

அவளுக்கு வேலை பல்செட் கட்டுவது. பல் மருத்துவர்கள் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார்கள். பட்டறையில் உட்கார்ந்து, மெழுகால் ஈறு கட்டி, ஒவ்வொரு பல்லாக நட்டு, மேலும் கீழும் பொருந்துகிறதா என்று பார்த்து அனுப்ப வேண்டும். இருபத்திரண்டு வருஷமாக ஊரில் பாதிப் பேர் அவள் கட்டிய பல்லால்தான் மெல்லுகிறார்கள், சிரிக்கிறார்கள், பல் கடிக்கிறது என்று அவளையே திட்டுகிறார்கள். தெருவில் சின்னவர் பெரியவர் எல்லாருக்கும் அவள் பல்செட்டக்கா. ஒருவர் வாயைத் திறந்து மூடினால் போதும், எந்தப் பக்கம் மெல்லுகிறவர், எதை விழுங்கிக்கொண்டு பேசுகிறவர் என்று சொல்லிவிடுவாள்.

நாற்பத்து நான்கு வயது. இரண்டு அறை வீடு. தங்கை கூடவே இருந்தாள். கல்யாணமாகிப் போனபின் செல்போனில் 'சாப்ட்டியா' என்று தினமும் அனுப்புகிறாள், பதிலைப் படிக்கிறாளா என்று தெரியாது. ஆளில்லாத வீடு யாருக்கும் கஷ்டம்தான். ஆனால் காது உள்ளவர்களுக்குக் குழாய் சொட்டுகிற சத்தமோ, பக்கத்து வீட்டுச் சண்டையோ ஏதோ ஒரு துணை இருக்கும். அக்காவுக்குப் பேச்சென்றால் முகம் வேண்டும். பட்டறை விட்டு வந்து கதவைத் திறந்தால், மறுநாள் காலை பட்டறைக்குப் போகும்வரை அவளுக்கு உலகத்தில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். சில ஞாயிற்றுக்கிழமைகளில் கண்ணாடி முன்னால் நின்று தானே ஏதாவது பேசிப் பார்த்துக்கொள்வாள். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

அப்போதுதான் பேருந்து நிறுத்தத்தில் அந்தச் சுவரொட்டியைப் பார்த்தாள். பெற்றவர்களால் இப்போதைக்குப் பார்த்துக்கொள்ள முடியாத பிள்ளைகளைச் சில மாதமோ சில வருஷமோ வீட்டில் வைத்து வளர்க்க ஆட்கள் தேவை, இருநூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகள் வீடில்லாமல் காத்திருக்கிறார்கள், 'தகுதி: அன்பு ஒன்றே' என்று பிள்ளைகள் நலத் துறை பெரிய எழுத்தில் போட்டிருந்தது. அக்கா அதை நம்பிவிட்டாள். துறையில் யாருமே அதை நம்பியதில்லை என்பது அவளுக்கு எப்படித் தெரியும்?

விண்ணப்பத்தில் அன்பைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை. முப்பத்தொன்றாம் கேள்வி, 'ஏதேனும் குறைபாடு உண்டா?' என்றது. 'இல்லை' என்று போட்டவர்கள் அடுத்த பக்கத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம். 'உண்டு' என்று போட்டவர்களுக்கு இணைப்பு 'அ' முதல் இணைப்பு 'ஔ' வரை தனிக் கட்டு. இணைப்பு 'ஐ'யில், 'உங்களை யார் தூக்கி உட்கார வைப்பார்கள்?' என்று கேட்டிருந்தது. நானே உட்காருவேன் என்று அக்கா எழுதினாள். இணைப்பு 'ஓ'வில், 'காது கேளாதவர்கள் கீழ்க்கண்ட எண்ணுக்குத் தொலைபேசியில் பேசி, காது கேளாமையை உறுதிப்படுத்தவும்' என்று இருந்தது. அதற்குத் தங்கையைப் பிடித்தாள். 'உனக்கு எதுக்குக்கா இந்த வேண்டாத வேலை' என்று தங்கை செய்தி அனுப்பினாள். ஆனாலும் தொலைபேசியில் பேசிவிட்டாள், நல்லவள்.

ஒரு மாதம் கழித்து வீட்டைப் பார்க்க ஆய்வாளரம்மா வந்தார். காது கேளாதவர்களிடம் எப்படிப் பேசுவது என்று துறை அவருக்கு மூன்று நாள் பயிற்சி கொடுத்திருந்தது. பயிற்சியில் சொன்னபடி வாயை இரண்டு பக்கமும் இழுத்து, "வ... ண... க்... க..." என்று ஒவ்வொரு எழுத்தாக ஆரம்பித்தார். அப்படி இழுத்தால் உதட்டில் சொல் நிற்காது, பல்தான் தெரியும். கடைவாயில் இரண்டு பல் அடைத்திருந்தது வரைக்கும் அக்காவுக்குத் தெரிந்தது.

"மேடம், நீங்க சாதாரணமா பேசுங்க. எனக்குப் புரியும்."

பாவம், புரியவில்லை போலிருக்கிறது என்று ஆய்வாளரம்மா இன்னும் கொஞ்சம் இழுத்தார். தாடை வலித்த பிறகுதான் வழிக்கு வந்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. எங்க துறை யாரையும் பாகுபாடு பாக்காது. உங்களை மாதிரி ஆளுங்களுக்குத் தனி ஃபாரம், தனி வரிசை, தனி ஃபைல், தனி விதி, எல்லாமே தனியா வெச்சிருக்கோம். மத்தவங்களோட சேத்து உங்களைக் கஷ்டப்படுத்தறதே இல்ல."

"ரொம்ப நன்றி மேடம்."

"சரி, பிள்ளை அழுதா என்ன பண்ணுவீங்க?"

அக்கா இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தாள். சத்தம் வந்தால் ஒவ்வொரு அறையிலும் சிவப்பு விளக்கு எரிகிற மாதிரி ஒரு பெட்டி வாங்கி மாட்டியிருந்தாள். தூங்கும்போது தலையணைக்கடியில் வைக்க இன்னொன்று, அது உலுக்கி எழுப்பிவிடும். ஆய்வாளரம்மா கைதட்டிப் பார்த்தார், எரிந்தது. இருமிப் பார்த்தார், எரிந்தது. சமையலறைக்குப் போய் ரகசியமாகத் தும்மிப் பார்த்தார், அதற்கும் எரிந்தது.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா இது விளக்கு கேட்டதுதானே? நீங்க கேட்டது இல்லையே?"

"மத்த வீட்டுல எப்படி மேடம் பாப்பீங்க? அவங்களுக்குக் கேக்குதான்னு?"

"அவங்களுக்குத்தான் காது இருக்கேம்மா. இருக்கான்னு பாத்தா போதும். அது வேலை செய்யுதான்னு கேட்டா மரியாதையா இருக்காது."

எதற்கும் ஒரு 'அழுகை ஆய்வு' நடத்திவிடலாம் என்று எழுதிக்கொண்டு போனார். அப்படி ஓர் ஆய்வு அதுவரை துறையில் கிடையாது. அக்காவுக்காகவே உண்டாக்க வேண்டியிருந்தது. அதற்கு ஒரு குழு, குழுவுக்கு ஓர் அறை, அறைக்கு ஒரு பெயர்ப்பலகை என்று ஐந்து மாதம் ஓடியது.

அந்த ஐந்து மாதமும் அக்கா வாரத்துக்கு ஒரு நாள் பட்டறையில் அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டுத் துறை அலுவலகத்துக்கு நடந்தாள். அங்கே முறை வந்தால் ஒலிபெருக்கியில்தான் கூப்பிடுவார்கள். கூப்பிட்டு வராதவர் பெயருக்கு நேராக 'ஆஜராகவில்லை' என்று எழுதுவார்கள். ஒலிபெருக்கிக்கு நேர் கீழே உட்கார்ந்தபடி அக்கா பதினோரு தடவை ஆஜராகவில்லை.

அந்தத் தாழ்வாரத்தில்தான் சமத்து இருந்தாள்.

ஆறு வயதுப் பெண் பிள்ளை. வீடு கிடைக்காத பிள்ளைகளைப் பகலில் அலுவலகத்து பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, சாயங்காலம் விடுதிக்குக் கொண்டுபோவார்கள். இவளை மூன்று வீட்டில் வைத்துப் பார்த்தாயிற்று. முதல் வீட்டார் ஊர் மாறிப் போனார்கள். இரண்டாம் வீட்டில் கட்டில், விதியில் சொன்ன உயரத்துக்கு இரண்டு அங்குலம் குட்டையாக இருந்தது. மூன்றாம் வீட்டு ஃபைல் தொலைந்துபோனது, ஃபைல் இல்லாத வீட்டில் பிள்ளை இருக்கக் கூடாது. அதிலிருந்து மூன்று மாதமாக பெஞ்சுதான். இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு எதிர்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். ஒரு நாளும் அழுததில்லை. அதனால்தான் அலுவலகமே அவளைச் சமத்து என்று கூப்பிட்டது. போகிறவர் வருகிறவர் எல்லாம் கன்னத்தைத் தட்டி, "இவளை மாதிரியே எல்லாப் பிள்ளையும் இருந்துட்டா நமக்கு வேலையே இல்ல" என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

அக்கா முதல் நாளே பார்த்துவிட்டாள். கீழுதடு மேல்பல்லுக்கு அடியில் மடிந்து இறுகியிருந்தது. தாடையின் இரண்டு பக்கமும் சதை கட்டியாகத் திரண்டு நின்றது. கழுத்து புடைத்து, வயிறு மட்டும் உள்ளே போய்ப் போய் வந்தது. கண்ணில் வந்த தண்ணீரைப் பிள்ளை தோளிலேயே துடைத்துக்கொண்டாள். வாய்களோடு இருபத்திரண்டு வருஷம் குடித்தனம் நடத்தியவளுக்கு இது தெரியாதா? பிள்ளை வீறிட்டு அழுதுகொண்டிருந்தது, சத்தத்தை மட்டும் எடுத்துவிட்டு.

பக்கத்தில் போய் உட்கார்ந்து, "ரொம்ப நேரமா அழறியா கண்ணு?" என்று கேட்டாள்.

பிள்ளை திடுக்கிட்டுத் திரும்பினாள். தாழ்வாரத்தின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, குரல் விடாமல் உதட்டை மட்டும் அசைத்தாள். "உங்களுக்குக் கேட்டுச்சா?"

"எனக்குக் காதே கேக்காது. பாத்தேன்."

"சத்தம் போட்டா கதவைச் சாத்திட்டுப் போயிடுவாங்க. அந்த வீட்டுல." இதையும் உதட்டால்தான் சொன்னாள்.

எந்த வீட்டில் என்று அக்கா கேட்கவில்லை. கேட்டுவிட்டு என்ன செய்ய முடியும்?

அன்றைக்கு ஆரம்பித்ததுதான். ஒவ்வொரு வாரமும் இரண்டு பேரும் அந்த பெஞ்சில் உட்கார்ந்து சத்தமே இல்லாமல் மணிக்கணக்கில் பேசித் தீர்ப்பார்கள். பார்க்கிறவர்களுக்கு, ஒன்று ஊமை, ஒன்று செவிடு, பாவம் என்று தோன்றும். "உங்களை என்னன்னு கூப்பிடறது?" என்று பிள்ளை கேட்டாள். எல்லாரும் அக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள் என்று சொன்னாள். "எனக்கும் அக்காவா? இவ்ளோ பெரியவங்களா இருக்கீங்க" என்று பிள்ளை சந்தேகப்பட்டாள், பிறகு ஒப்புக்கொண்டாள். முன்பல் ஆடுகிறது, விழுந்தால் பல்செட் கட்டித் தருவீர்களா என்று ஒரு நாள் வாயைத் திறந்து காட்டினாள். "அது தானா முளைக்கும், எனக்கு வேலை மிச்சம்" என்றாள் அக்கா. பிள்ளை சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கும் சத்தம் இல்லை என்று அக்காவுக்கு அவள் தோளைப் பார்த்துத் தெரிந்தது.

விண்ணப்பம் போட்டபோது யாராவது ஒரு பிள்ளை வந்தால் போதும் என்றிருந்தவளுக்கு, இப்போது இந்தப் பிள்ளைதான் வேண்டும் என்று ஆகிவிட்டது. விதி சொன்ன உயரத்துக்கு மேல் இரண்டு அங்குலம் கூட வைத்தே ஒரு கட்டில் வாங்கிப் போட்டாள். வீட்டுக்கு வந்து அதன் ஓரத்தில் உட்கார்ந்துகொள்வாள். இத்தனை நாள் பொறுத்துக்கொண்ட காலி வீடு இப்போதுதான் அவளால் பொறுக்க முடியாமல் போயிற்று.

ஒரு வழியாக ஆய்வு நாள் வந்தது. ஆய்வாளரம்மா ஸ்டாப்வாட்ச்சோடு வந்தார். கூடவே ஒல்லியாக ஒருவர், கையில் பிளாஸ்க்கும் தேன் பாட்டிலும். தபால் பிரிவில் முத்திரை குத்திக்கொண்டிருந்தவரைத் துறை 'அழுகை அலுவலர் (கூடுதல் பொறுப்பு)' என்று நியமித்திருந்தது. சிணுங்கல், அழுகை, வீறிடல் என்று மூன்று நிலை. ஒவ்வொரு நிலையிலும் அவர் படுக்கையறையில் உட்கார்ந்து அழ வேண்டும். கூடத்தில் இருக்கும் அக்கா பத்து நொடிக்குள் போய்ச் சேர வேண்டும்.

"வீட்டுல பழகிப் பாத்துட்டுத்தான் வந்திருக்கேன் மேடம்," என்றார் பெருமையாக. "பக்கத்து வீட்டுல இருந்து ஓடி வந்து, யாருக்கு என்ன ஆச்சுன்னு விசாரிச்சுட்டாங்க."

சிணுங்கலுக்குச் சிவப்பு விளக்கு எரிந்தது, நான்காம் நொடியில் அக்கா கட்டிலருகே நின்றாள். ஆய்வாளரம்மா விளக்குக்குப் பத்துக்குப் பத்தும் அக்காவுக்குச் சுழியமும் போட்டார். பெட்டியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, "இப்ப சொந்தமா கேளுங்க" என்றார்.

அக்கா நாற்காலியை நகர்த்தி, திறந்த கதவு வழியாக அலுவலரின் முகம் தெரிகிற மாதிரி போட்டு உட்கார்ந்தாள். நாற்காலியைப் பற்றி விதியில் ஒன்றும் இல்லாததால் ஆய்வாளரம்மாவால் தடுக்க முடியவில்லை. அலுவலர் இரண்டு வாய் தேன் குடித்தார், கனைத்தார், அழ முயன்றார். வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு எதையோ நினைக்கப் பார்த்தார். அக்கா கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். தொண்டை ஒரு தடவை ஏறி இறங்கியது. முகவாயில் சின்னதாகக் குழி விழுந்தது. உதட்டோரம் கோணியது. அவ்வளவுதான், அக்கா எழுந்து போய்விட்டாள். தோளில் கை வைத்து, "என்ன சார், என்ன ஆச்சு?" என்றாள்.

அதற்குப் பிறகுதான் அந்த மனிதர் அழ ஆரம்பித்தார். மூன்று நிலையில் எதிலும் சேராத அழுகை.

"பொண்ணு ஞாபகம் வந்துருச்சும்மா. மாத்தலாகி இங்க வந்து ரெண்டு வருஷமாச்சு. நேத்து போன் பண்ணினேன். யாரு பேசறதுன்னு கேட்டா."

அக்கா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, அவர் முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள். ஆய்வாளரம்மா ஸ்டாப்வாட்ச்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அழுகை தொடங்குவதற்கு நான்கு நொடி முன்னாலேயே விண்ணப்பதாரர் போய்ச் சேர்ந்துவிட்டார். படிவத்திலோ பூஜ்யம் முதல் பத்து வரைதான் கட்டம் போட்டிருந்தது.

"இது முறைகேடும்மா," என்றார் கடைசியில். "அழறதுக்கு முன்னாடியே போறது, பரீட்சைக்கு முன்னாடியே கேள்வித்தாளைப் பாத்த மாதிரி."

"அவரு அழப்போறாருன்னு தெரிஞ்சுதே மேடம்."

"தெரிஞ்சா போகக் கூடாது. கேட்டாத்தான் போகணும்."

வீறிடலை நடத்த முடியவில்லை, அழுகை அலுவலர் அப்படியே ஒரு வாரம் மருத்துவ விடுப்பில் போய்விட்டார். பத்து நாளில் அக்காவுக்குக் கடிதம் வந்தது. 'அழுகைக்கு உரிய நேரத்தில் செல்லத் தவறியதால் தகுதி இல்லை.'

அதை எடுத்துக்கொண்டு அவள் அலுவலகத்துக்குப் போனபோது பெஞ்சில் பிள்ளை காத்திருந்தாள். முன்பல் விழுந்திருந்தது.

"வெள்ளிக்கிழமை என்னை அனுப்பறாங்க," என்றது உதடு. "காது நல்லா கேக்கற வீடாம்."

அக்கா அன்றைக்கே மேல்முறையீடு எழுதிக் கொடுத்தாள். மற்றவர்கள் பத்துப் பக்கம் எழுதுவார்கள். அவள் மூன்று வரிதான் எழுதினாள். 'இந்தப் பிள்ளை எட்டு மாதமாகத் தினமும் அழுகிறது. உங்களில் யாருக்கும் தெரியவில்லை. எனக்குத் தெரிகிறது.' துறை ஆடிப்போய்விட்டது. பிள்ளை அழுகிறதே என்று இல்லை. பதிவேடு தப்பு என்று ஒருத்தி எழுதிக் கொடுத்துவிட்டாளே என்று. வெள்ளிக்கிழமையே குழு கூடியது.

நீள மேசையின் நடுவில் தலைவர் இருந்தார். கீழ்ப் பல்செட் சரியாக உட்காராதவர், யாரோ அவசரத்தில் கட்டியது. நீளமான சொல் வந்தால் சொல் ஒரு பக்கமும் பல் ஒரு பக்கமும் போயின. இரண்டு பக்கமும் உறுப்பினர்கள் மூன்று பேர், அவர்களுக்குப் பக்கத்தில் ஆய்வாளரம்மா. மூலையில் கூட்டக் குறிப்பு எழுத, விடுப்பு முடிந்து வந்த அழுகை அலுவலர். ஜன்னலோரம் பிள்ளையைக் கூட்டிப்போக வந்த கணவனும் மனைவியும், மடியில் ஆளுக்கொரு செவித்திறன் சான்றிதழோடு. அக்காவின் வழக்கு வந்ததிலிருந்து எல்லாருக்கும் அது கட்டாயமாகிவிட்டது. அந்தப் பெண் ஒரு புதுத் துண்டும் தண்ணீர் பாட்டிலும் பிள்ளைக்கென்று கொண்டுவந்திருந்தாள். நல்லவர்கள் என்று முகத்திலேயே தெரிந்தது. வெறுக்கவாவது முடிந்தால் தேவலை என்று அக்காவுக்கு இருந்தது.

"நான் இந்தத் துறையில முப்பது வருஷமா இருக்கேன்," என்று தலைவர் தொடங்கினார். "இதுவரைக்கும் ஒரு பிள்ளையைக்கூட நேர்ல பாத்ததில்ல. பாத்தா மனசு இளகிடும், முடிவு நியாயமா வராது. உங்களுக்காக இன்னிக்கு முதல் தடவையா பாக்கப்போறேன்."

"நன்றி சார்."

"பதிவேடு இதோ இருக்கு. தினம் மூணு வேளை, எட்டு மாசம். எழுநூத்து இருபது தடவை 'அழுகை இல்லை'ன்னு எழுதியிருக்கோம். எல்லாம் பொய்யா?"

"எழுதினவங்க காது கொடுத்துக் கேட்டிருப்பாங்க சார். பிள்ளையைப் பாத்திருக்க மாட்டாங்க."

"அழுகைன்னாலே சத்தம்தானேம்மா. சத்தம் இல்லாத அழுகைன்னு ஒரு தலைப்பே துறைல கிடையாது. தலைப்பு இல்லாததை எங்க கொண்டுபோய் எழுதறது?"

பிள்ளையைக் கூட்டிவந்து அறை நடுவில் நிறுத்தினார்கள். அவள் மேசையைப் பார்த்தாள், ஜன்னலோரம் இருந்தவர்களைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள். கீழுதடு உள்ளே மடிந்தது.

"சார், இதோ, இப்ப அழறா," என்றாள் அக்கா.

தலைவர் கையை உயர்த்தினார். மின்விசிறியை நிறுத்தச் சொன்னார். ஜன்னலைச் சாத்தச் சொன்னார். "எல்லாரும் நல்லா கவனிச்சுக் கேளுங்க" என்று சொல்லிவிட்டு, கவனம் சிதறாமல் இருக்கக் கண்ணை மூடிக்கொண்டார். தலைவர் மூடியதும் மூத்த உறுப்பினர் மூடினார், பிறகு அடுத்தவர், பிறகு அடுத்தவர், ஆய்வாளரம்மா, அழுகை அலுவலர் என்று பதவி வரிசைப்படி எல்லாக் கண்ணும் மூடின. அவர்கள் செய்வதைப் பார்த்துக் கணவனும் மனைவியும் மூடிக்கொண்டார்கள்.

நடுவில் பிள்ளை அழுதது. கழுத்து புடைத்தது, வயிறு உள்ளே போய்ப் போய் வந்தது, முகம் முழுக்க நனைந்து மோவாயிலிருந்து சொட்டியது. சுற்றிலும் எட்டுப் பேர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு உன்னிப்பாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். "கண்ணைத் திறங்க சார்," என்றாள் அக்கா. "உஷ்," என்றார் தலைவர், கண்ணைத் திறக்காமல்.

எவ்வளவு நேரம்தான் பார்த்துக்கொண்டிருப்பாள்? எழுந்து போய்ப் பிள்ளையை அணைத்துத் தூக்கி, தன் நாற்காலிக்குக் கொண்டுவந்து மடியில் வைத்து, முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். வயிறு ஏறி இறங்குவது மெல்ல மெல்ல நின்றது. தலைவர் கண்ணைத் திறந்தார்.

"எனக்கு ஒண்ணும் கேக்கல. உங்களுக்கு?"

"எனக்கும் இல்ல சார்," என்று வரிசையாகச் சொன்னார்கள்.

"பிள்ளை நல்லாத்தானே உக்காந்திருக்கு? கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி இல்ல." அழுகை அலுவலர் பக்கம் திரும்பி, "எழுதிக்கங்க. பிள்ளை அழவில்லை. விண்ணப்பதாரர் காரணமில்லாமல் இருக்கையை விட்டு எழுந்தார். மேல்முறையீடு தள்ளுபடி. பிள்ளையைத் தம்பதியிடம் இன்றே..." என்று சொல்லிக்கொண்டே போனார்.

பிள்ளைக்குக் காது கேட்குமே. அவள் தலைவர் சொன்னதைக் கேட்டுவிட்டு, அக்காவின் முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள்.

"அக்கா, நான் சத்தமா அழட்டுமா? அப்ப உங்க வீட்டுக்கு அனுப்பிடுவாங்களா?"

சத்தம் போட்டால் என்ன ஆகும் என்று இந்தப் பிள்ளைக்கு ஒரு வீடு சொல்லிக் கொடுத்திருக்கிறது. அதையும் மீறிப் போடுகிறேன் என்கிறது, தன்னோடு வருவதற்காக. வேறு வழி ஒன்றும் அக்காவிடம் இருக்கவில்லை. தனக்கும் ஒரு தடவை இந்த அறையில் நல்லது நடக்கலாம் என்று நினைத்துவிட்டாள்.

"அழு கண்ணு," என்றாள் உதட்டால். "எல்லாருக்கும் கேக்கட்டும்."

பிள்ளை வாயைத் திறந்தாள். அக்காவின் கை பிள்ளையின் முதுகில் இருந்தது. அந்த முதுகு அதிர்ந்ததை அவள் உள்ளங்கையில் உணர்ந்தாள். எட்டு மாதத்து அதிர்வு. நிமிர்ந்து மற்றவர்களின் முகங்களைப் பார்த்தாள். எல்லாருக்கும் கேட்டிருந்தது. மூத்த உறுப்பினர் காதைப் பொத்திக்கொண்டார். தலைவரின் வாய் திறந்து பல்செட் ஒரு பக்கம் இறங்கியது. அக்காவுக்கு ஒரு கணம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

ஜன்னலோரம் இருந்த பெண் துண்டைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். "அய்யோ, என்னடா தங்கம்," என்று குனிந்து பிள்ளையை அக்காவின் மடியிலிருந்து வாரித் தூக்கினாள். ஆய்வாளரம்மா ஸ்டாப்வாட்ச்சை அமுக்கினார்.

"ஆறு நொடி சார்."

"பாத்தீங்களா?" என்றார் தலைவர், மேசையைத் தட்டி. முப்பது வருஷத்தில் அவர் அவ்வளவு மகிழ்ந்திருக்க மாட்டார். "இதுக்குத்தான் விதி வெச்சிருக்கோம். இதுதாம்மா காது. எழுதிக்கங்க. எட்டு மாதமாக அழாத பிள்ளை விண்ணப்பதாரரின் மடியில் இருந்தபோது அழுதது. வளர்ப்புத் தாய் ஆறு நொடியில் சென்று மீட்டார்."

அழுகை அலுவலரின் பேனா நின்றது. அவர் அக்காவைப் பார்த்தார். முகவாயில் அந்தக் குழி விழுந்தது. பிறகு குனிந்து எழுதினார்.

பிள்ளையைத் தோளில் போட்டு, முதுகைத் தட்டித் தட்டி அந்தப் பெண் வெளியே கொண்டுபோனாள். தோளுக்கு மேலே பிள்ளையின் முகம் அக்காவைப் பார்த்திருந்தது. இரண்டு கையும் இந்தப் பக்கம் நீண்டிருந்தன. முன்பல் இல்லாத வாய் அகலமாகத் திறந்திருந்தது, தாழ்வாரம் முடிகிற வரைக்கும் மூடவில்லை. அந்தக் குரல் எப்படி இருந்தது என்று அக்காவுக்குத் தெரியாது. அறையில் இருந்த மற்ற அத்தனை பேருக்கும் தெரியும். அவர்கள் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.